கேமரா வைக்கும் நகரமும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே

கேள்வி: “எங்கள் ஊர் வேலந்தாவளத்துக்குப் பக்கம். காய்கறி ஏற்றிக்கொண்டு ஒரு நாள் கோயம்புத்தூருக்கும் மறுநாள் பாலக்காட்டுக்கும் போகிறோம். இரண்டு பக்கமும் கேமரா இருக்கிறது, இரண்டு பக்கமிருந்தும் அபராத நோட்டீஸ் வருகிறது. ஒரு நகரம் நினைத்த இடத்தில் கேமராவை நிறுத்தி நினைத்தபடி அபராதம் போடலாமா? அவர்களுக்கும் ஏதாவது விதி உண்டா?”

விதி உண்டு. ஓட்டுநருக்கு எவ்வளவு கண்டிப்பான விதிகள் இருக்கின்றனவோ, ஏறக்குறைய அதே கண்டிப்புடன் கேமரா வைக்கும் அரசுக்கும் கடமைகள் எழுதப்பட்டிருக்கின்றன. தன் கடமையை முதலில் முடித்துவிட்ட அரசுக்குத்தான் நம்மிடம் அபராதம் கேட்கும் தகுதி வருகிறது என்பது என் உறுதியான எண்ணம். எல்லையோரத்தில் வாழும் நமக்கு இது இரட்டிப்பு முக்கியத்துவம் உடையது. மத்தியச் சட்டம் ஒன்றே என்றாலும், வேக வரம்பும் அபராதத் தொகையும் நோட்டீஸின் மொழியும் மாநில எல்லையான வாளையாற்றைத் தாண்டினால் மாறிவிடுகின்றன.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தம் 136-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. தேசிய நெடுஞ்சாலைகளிலும் மாநில நெடுஞ்சாலைகளிலும் குறிப்பிட்ட மக்கள்தொகையுள்ள நகரங்களிலும் மின்னணுக் கண்காணிப்பை மாநில அரசு உறுதி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அதை நடைமுறைப்படுத்தும் விதி, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ என்ற எண்ணில், 2021 ஆகஸ்ட் 11 அன்று அறிவிக்கப்பட்டது. வேகக் கேமரா, சிசிடிவி, ஸ்பீடு கன், காவலர் உடலில் அணியும் கேமரா, வண்டிக்குள் பொருத்தும் கேமரா, நம்பர் பிளேட்டைத் தானாகப் படிக்கும் கருவி, ஓடும் வண்டியை எடை போடும் கருவி ஆகிய அனைத்தும் இந்த ஒரே விதிக்குள் வருகின்றன. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகையுள்ள பெருநகரங்களிலும், விதியின் அட்டவணையிலுள்ள 132 நகரங்களிலும், முக்கியச் சந்திப்புகளில் இவற்றை வைத்தாக வேண்டும். 2011 கணக்கெடுப்பிலேயே பத்து லட்சத்தைத் தாண்டிவிட்ட கோயம்புத்தூர் மாநகராட்சி மக்கள்தொகை அளவால் இதற்குள் வருகிறது. பாலக்காடு சிறிய நகரம்தான். ஆனால் அதை ஒட்டிச் செல்லும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை விதிக்குள் அடங்குகிறது. அதற்கும் மேலாக, கேரள அரசு மாநிலம் முழுவதும் கேமரா வைக்கத் தானாகவே முடிவெடுத்தது.

இந்த விதி ஏட்டளவில் நின்றுவிடாமல் நகர்ந்ததற்கு நம் பகுதி மனிதர் ஒருவரும் காரணம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்பு குறித்துப் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான் 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதே வழக்கில்தான் 2024 செப்டம்பர் 2 அன்று, 136-ஏ பிரிவையும் 167-ஏ விதியையும் செயல்படுத்த என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தெரிவிக்கும்படி தமிழ்நாடும் கேரளமும் உள்ளிட்ட சில மாநிலங்களுக்கு முதற்கட்டமாக உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. ஆகவே இரு மாநிலங்களிலும் கேமராக்கள் இனிக் கூடுமே தவிரக் குறையப்போவதில்லை. அவை எந்த ஒழுங்குக்குள் கூட வேண்டும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முதல் ஒழுங்கு இடம் பற்றியது. ஆபத்து மிகுந்த, போக்குவரத்து நெருக்கமான வழித்தடங்களையும் முக்கியச் சந்திப்புகளையும் விதி குறிப்பிடுகிறது. அகன்ற சாலையில் வண்டிகள் இயல்பாக வேகமெடுக்கும் இறக்கமாகப் பார்த்துக் கேமராவை நிறுத்துவதற்கும், பள்ளி விட்டதும் பிள்ளைகள் கடக்கும் இடத்தில் நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஒரு கேமரா ஏன் அந்தக் கம்பத்தில் இருக்கிறது என்று யாராவது கேட்டால், அந்த இடத்தின் விபத்துப் பதிவேட்டைக் காட்டி நகரம் பதில் சொல்ல முடிய வேண்டும். அப்படிப் பதில் சொல்ல முடியாத கேமரா வசூலுக்காக வைத்தது என்ற பேச்சுக்குத் தானே இடம் கொடுக்கிறது. அந்தப் பேச்சு பரவினால், உயிர் காக்கும் கேமராவையும் மக்கள் வெறுக்கத் தொடங்குகிறார்கள்.

இரண்டாவது, முன்னறிவிப்பு. கேமரா உள்ள பகுதி தொடங்குமுன், இந்தச் சாலை கண்காணிப்பில் இருக்கிறது என்று அறிவிக்கும் பலகை கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. கருவி பார்வையை மறைக்கவோ போக்குவரத்தைத் தடுக்கவோ கூடாது என்றும் சொல்கிறது. மரக்கிளைக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் பிடிப்பது இந்த விதியின் நோக்கத்துக்கே எதிரானது. வேகத்தைக் குறைக்க வைப்பதுதான் நோக்கம் என்றால், கேமரா இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதே நல்லது.

பலகை வெறும் சடங்கு இல்லை என்பதற்கு நம் எல்லையே சான்று. கேரள அரசு 2023 ஜூலை 1 முதல் வேக வரம்புகளை மாற்றியமைத்தது. நான்கு வழித் தேசிய நெடுஞ்சாலையில் காருக்கான உச்ச வரம்பை 90-லிருந்து 100 கிலோமீட்டராக உயர்த்திய அதே அறிவிப்பு, இருசக்கர வாகனங்களுக்கு 70 ஆக இருந்ததை 60 ஆகக் குறைத்தது. கோயம்புத்தூரிலிருந்து பைக்கில் கிளம்பி வாளையாற்றைக் கடப்பவர், பக்கத்தில் போகும் காரின் வேகத்தைப் பார்த்துத் தன் வேகத்தை முடிவு செய்தால் தவறிவிடுவார். அபராதத் தொகையும் அப்படியே. வழக்கு நடத்தாமல் முடித்துக்கொள்ளக் கட்டும் சமரசத் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆம் பிரிவு மாநிலங்களுக்குத் தந்திருக்கிறது. தலைக்கவசம் இல்லாவிட்டால் தமிழ்நாட்டில், 2022 அக்டோபரில் வந்த ஆணைப்படி, 1,000 ரூபாய். கேரளத்தில் 500 ரூபாய். நாள்தோறும் இரண்டு மாநிலச் சாலையிலும் ஓடும் வண்டிகளுக்காக, கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம், நடுப்புணி போன்ற ஒவ்வொரு நுழைவாயிலிலும் இந்த வரம்புகளை எண்ணாலும் படத்தாலும் எழுதி வைப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை அன்று. மொழி தெரியாதவருக்கும் 60 என்ற எண் புரியும்.

மூன்றாவது ஒழுங்கு கருவியின் துல்லியம் பற்றியது. கருவி சரியாக இயங்குகிறது என்று மாநில அரசு நியமித்த அதிகாரியிடம் ஒப்புதல் சான்றிதழ் பெற வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று 167-ஏ சொல்கிறது. இதன் மேல், வண்டி வேகத்தை அளக்கும் ரேடார் கருவிகளையும் தராசுகளைப் போலவே பரிசோதித்து முத்திரையிட வேண்டும் என்ற எடையளவுச் சட்ட விதிகள் 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. கடைக்காரரின் தராசுக்கு முத்திரை கேட்கும் அரசு, தன் கையிலுள்ள அளவுகோலுக்கும் முத்திரை வேண்டும் என்று ஒப்புக்கொண்டது மிக நல்ல செய்தி. நிலையாக நிறுத்திய ரேடார், வண்டி வரும் திசைக்குச் சாய்கோணத்தில் இருந்தால் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. கோணத்தால் வரும் இந்தப் பிழை ஓட்டுநருக்குச் சாதகமானது.

துல்லியத்தைப் பற்றிப் பேசும்போது பலரும் வேகக் கேமராவோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையில் அதிக அநியாயம் நேரக்கூடிய இடம் சிக்னல் கேமராதான். அதுவும் மஞ்சள் விளக்கின் நேரத்தில். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 16.7 மீட்டர் நகர்கிறது. மஞ்சளைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகிறது என்றும், அதன் பிறகு பதற்றமில்லாத சீரான பிரேக்கில், அதாவது ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 3 மீட்டர் என்ற அளவில் குறையும்படி, நிற்கிறது என்றும் வைத்துக்கொண்டால், முழுதாக நிற்க ஏறத்தாழ 63 மீட்டர் வேண்டும். மஞ்சள் மூன்று வினாடிதான் என்றால், அந்த நேரத்தில் வண்டி 50 மீட்டர்தான் கடக்கும். அப்படியானால் நிறுத்தக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்கும் 63 மீட்டருக்கும் இடையில் மஞ்சளைக் காணும் ஓட்டுநர், எவ்வளவு ஒழுக்கமானவராக இருந்தாலும், இதமாக நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன் கடக்கவும் முடியாது. அவர் பிரேக்கை அழுத்தி மிதித்தால் பின்னால் வரும் சரக்கு வண்டி மோதும். மிதிக்காவிட்டால் கேமரா பிடிக்கும். மஞ்சளை நான்கு வினாடியாக்கினால் இந்தப் பொறி மறைந்துவிடுகிறது. அதாவது சிக்னல் கேமரா வைக்குமுன், அந்தச் சாலையில் வண்டிகள் உண்மையில் வரும் வேகத்தை அளந்து, அதற்கேற்ற மஞ்சள் நேரத்தைக் கணக்கிட்டு வைக்க வேண்டியது நகரத்தின் பொறுப்பு. அந்த ஒரு வினாடியைத் திருத்தாமல் கேமராவை மட்டும் பொருத்துவது, பொறியியல் குறையை ஓட்டுநரின் குற்றமாக மாற்றுவதாகும்.

அமெரிக்காவின் சிகாகோ நகரம் இதற்கு எச்சரிக்கை. அங்கே மூன்று வினாடிக்கும் குறைவாகப் பதிவான மஞ்சளுக்கும் அபராதச் சீட்டுகள் போனது 2014-இல் பெரிய சர்ச்சையானது. கேமரா ஒப்பந்த நிறுவனத்திடம் லஞ்சம் வாங்கிய குற்றத்துக்காக அந்த நகரின் முன்னாள் அதிகாரி ஒருவர் 2016-இல் தண்டிக்கப்பட்டார். கேமரா நல்லது என்று சொல்பவர்கள்தாம் இப்படிப்பட்ட வரலாற்றை மற்றவர்களைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும்.

நான்காவது, சாட்சியம். ஒவ்வொரு மின்-செலானுடனும், அதாவது மின்னணு முறையில் அனுப்பும் அபராதச் சீட்டுடனும், என்னென்ன இருக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் விதி தெளிவாகச் சொல்கிறது. மீறலும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், கருவி பதிவு செய்த அளவு, நாள், நேரம், இடம், மீறப்பட்ட சட்டப் பிரிவு, இவற்றோடு மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் ஆகியவை வேண்டும். அந்தச் சான்றிதழ் சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவின் கீழ் கேட்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தைப் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு எடுத்துக்கொண்டிருக்கிறது. இதை வெறும் காகிதச் சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம். கேரளத்துத் தேர்தல் வழக்கான அன்வர் எதிர் பஷீர் வழக்கில் 2014-இலும், அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020-இலும், இந்தச் சான்றிதழின் கட்டாயத்தை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. அசல் கருவியே நீதிமன்றத்தில் முன்வைக்கப்படாதபோது, அதிலிருந்து எடுத்த நகலை நம்புவதற்கு யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

படத்தை இயந்திரம் பிடித்தாலும், குற்றம் என்று முடிவு செய்வது மனிதராக இருக்க வேண்டும். கேரளத்தில் 2023 ஏப்ரல் 20 அன்று தொடங்கி, ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கிய திட்டத்தில் 726 கேமராக்கள் உள்ளன. அவற்றில் 675, தலைக்கவசம், சீட் பெல்ட், கைபேசி, இருசக்கர வாகனத்தில் மூவர் செல்வது ஆகியவற்றைக் கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள். அவை பிடித்த படங்களை மோட்டார் வாகனத் துறை அதிகாரிகள் சரிபார்த்த பிறகே செலான் போகும் என்பது அங்கே ஏற்பாடு. இது அவசியமான ஏற்பாடு. கறுப்புச் சட்டை அணிந்தவரின் சீட் பெல்ட் படத்தில் மறைந்துவிடலாம். அழுக்கடைந்த நம்பர் பிளேட்டில் ஓர் எழுத்து மாறிப் படிக்கப்பட்டு, சம்பவ இடத்துக்கே வராத ஒருவருக்கு நோட்டீஸ் போகலாம். அதிகாரி ஒரு நாளைக்கு எத்தனை படங்களைப் பார்க்கிறார், எத்தனையைத் தள்ளுகிறார் என்ற கணக்கையும் நகரங்கள் வெளியிட்டால் நம்பிக்கை வளரும்.

சட்டம் சொல்வதை அப்படியே கேமராவிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் கேரளமே எடுத்துக்காட்டு. கணவன், மனைவி, ஒரு சிறு குழந்தை என மூவர் ஒரே ஸ்கூட்டரில் போவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி குற்றம். கார் வாங்க முடியாத குடும்பங்களை இது நெருக்கும் என்ற எதிர்ப்பு எழுந்தபோது, 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு விலக்குக் கேட்டு மத்திய அரசுக்கு எழுதிய கேரள அரசு, பதில் வரும்வரை அவர்களுக்காக அபராதம் விதிப்பதில்லை என்று முடிவெடுத்தது. குழந்தையின் பாதுகாப்பு கருதி இதில் மாற்றுக் கருத்துக்கு இடமுண்டு. ஆனால் சாலையில் நிற்கும் காவலர் தன் விவேகத்தால் விட்டுவிடும் விஷயங்களை, கேமரா வைக்கும் அரசு முன்கூட்டியே யோசித்து எழுத்தில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது என்பதை அந்த நிகழ்வு காட்டியது.

பணத்தைப் பற்றி 167-ஏ விதி போதிய அளவு பேசவில்லை என்பது என் வருத்தம். கருவிக்கும் சாட்சியத்துக்கும் கட்டுப்பாடு விதித்த விதி, கேமரா நிறுவனத்துக்கு எந்த அடிப்படையில் கூலி கொடுக்கலாம் என்று சொல்லவில்லை. ஒரு செலானுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், செலான் கூடுவதில் நிறுவனத்துக்கு ஆதாயம் வந்துவிடும். கலிபோர்னியா மாநிலம் இத்தகைய கூலி முறையைச் சட்டத்திலேயே தடை செய்திருக்கிறது. 2023-இல் சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் உள்ளிட்ட ஆறு நகரங்களுக்கு வேகக் கேமராவை அனுமதித்தபோது, முதல் 60 நாள்கள் எச்சரிக்கை மட்டுமே அனுப்ப வேண்டும், வருமானம் குறைந்தவருக்குச் சலுகை தர வேண்டும், வசூலை வண்டிகளின் வேகத்தைத் தணிக்கும் சாலை வேலைகளுக்குச் செலவிட வேண்டும், 18 மாதங்களில் வேகம் குறைந்ததாகக் காட்ட முடியாத இடத்தில் கேமரா தொடரக் கூடாது என்றெல்லாம் அங்கே நிபந்தனை போட்டார்கள். அந்தக் கடைசி நிபந்தனை நம் நாட்டுக்கும் வேண்டும் என்று நான் விரும்புகிறேன். கேரளத்தில் கேமராக்களை அமைத்த அரசு நிறுவனமான கெல்ட்ரானுக்கு, சுமார் 232 கோடி ரூபாயை ஐந்து ஆண்டுகளில் தவணைகளாகத் தருவதாக ஒப்பந்தம் அமைந்தது. ஒப்பந்தம் கொடுத்த முறை பற்றி எழுந்த குற்றச்சாட்டுகள் உயர் நீதிமன்றம் வரை போயின. ஆயினும் தொகையைச் செலான் எண்ணிக்கையோடு கட்டாமல் தவணையாக வைத்தது, கொள்கை அளவில் சரியான வழி என்றே சொல்வேன்.

கேமராவால் பலன் உண்டா என்றால், செலான் எண்ணிக்கையை வைத்துச் சொல்லக் கூடாது. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு 64,105 என்ற அளவோடு தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. கேரளத்தில் 2022-இல் 4,317 ஆக இருந்த இறப்பு, கேமரா வந்த 2023-இல் 4,080 ஆகக் குறைந்தது. ஆனால் அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கை கூடியது. தலைக்கவசமும் சீட் பெல்ட்டும் அணிவோர் பெருகினால் விபத்து நடந்தாலும் உயிர் பிழைப்பார்கள் என்பதோடு இது பொருந்துகிறது என்று சொல்லலாம். ஓராண்டுக் கணக்கை வைத்து அதற்கு மேல் உறுதியாகச் சொல்வது சரியாகாது. ஒவ்வொரு கேமராவின் அருகிலும் முன்னும் பின்னும் எத்தனை விபத்து, எவ்வளவு வேகம் என்று அரசு வெளியிட்டால்தான் உண்மை தெரியும்.

அடுத்து, அந்தரங்கம். காரின் முன்பக்கத்தைப் படம் எடுக்கும் கேமரா, உள்ளே யார் யார் இருந்தார்கள் என்பதையும் எடுக்கிறது. அந்தப் படம் வண்டி உரிமையாளரின் வீட்டுக்குப் போகிறது. மீறலுக்குத் தொடர்பில்லாதவரின் முகத்தை மறைத்து அனுப்புவது எளிய தொழில்நுட்பம்தான். வழக்கு முடியும்வரை பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று விதி சொல்வது நியாயம். குற்றமே செய்யாமல் கடந்துபோன வண்டிகளின் பதிவை எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பதையும் ஒவ்வொரு நகரமும் அறிவிக்க வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. மீறல் நடந்த 15 நாள்களுக்குள் நோட்டீஸ் அனுப்பப்பட வேண்டும் என்று 2021-இல் வந்த விதி சொன்னது. ஆனால் அது ஆர்.சி.யில் உள்ள முகவரிக்கும் கைபேசி எண்ணுக்கும்தான் வரும். எல்லையோரத்தில் பலர் தமிழ்நாட்டுப் பதிவு வண்டியை வாங்கிப் பெயர் மாற்றாமலேயே கேரளப் பக்கம் ஓட்டுகிறார்கள். நோட்டீஸ் பழைய உரிமையாளருக்குப் போய், அது பல மாதம் கழித்து இணையவழியில் நடக்கும் மெய்நிகர் நீதிமன்ற வழக்காகத் தெரியவரும்போது பதறுகிறார்கள். பெயரையும் எண்ணையும் உடனே மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியை ஓட்டியவர் வேறு ஒருவர் என்றால், கேட்கும்போது அவருடைய விவரத்தைத் தருவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின்படி உங்கள் கடமை. கைபேசிக்கு வரும் செலான் செய்தியில் ஏதாவது செயலியை நிறுவச் சொன்னால் தொடாதீர்கள். அது பணம் பறிக்கும் மோசடி. அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே வண்டி எண்ணைப் போட்டுப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

நோட்டீஸ் உண்மையானது, ஆனால் தவறானது என்று தோன்றினால், பணத்தைக் கட்டுமுன் படத்தைக் கூர்ந்து பாருங்கள். வண்டி உங்களுடையதா, நம்பர் முழுதாகத் தெரிகிறதா, இடமும் நேரமும் பதிந்திருக்கின்றனவா, அளவு குறிக்கப்பட்டிருக்கிறதா, சான்றிதழில் கையெழுத்து இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஏதேனும் குறை இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். ஏற்கப்படாவிட்டால் நீதிமன்றத்தில் வாதாடலாம். கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். குறிப்பிட்ட கேமராவின் ஆண்டுச் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும், அங்கே எச்சரிக்கைப் பலகை எப்போது வைக்கப்பட்டது என்பவற்றை, 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வரும் நோட்டீஸ் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருப்பதால் படிக்க முடியவில்லை என்று பலர் சொல்கிறார்கள். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே தரப்பட வேண்டும் என்று சொல்கிறது. ஆகவே செலான் குறித்த உங்கள் ஆட்சேபத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். அதில் இந்தச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு, பதிலையும் தமிழில் கேளுங்கள். செலான் எண், வண்டி எண், படத்தின் நகல் ஆகியவற்றை இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.